இரட்சிப்பைப் பற்றிய மாலை வகுப்பு: யாழ் நகரில் நடந்த ஒரு வேதாகமத் தொடர் பற்றிய மதிப்பீடு

யாழ் நகருக்குள் இருக்கும் ஒரு திருச்சபை மண்டபத்தில் வியாழக்கிழமை மாலைகளில் வேதாகம வகுப்பு நடைபெற்று வருகிறது. அண்மையில் நிறைவடைந்த தொடர், வேதாகமத்தில் இரட்சிப்பு என்ன பொருளில் பேசப்படுகிறது என்ற ஒரே கேள்வியை 8 வாரங்களுக்கு எடுத்துக்கொண்டது. நடத்தியவர் ஓய்வுபெற்ற ஒரு போதகர். தென்னிந்தியத் திருச்சபை, மெதடிஸ்த திருச்சபை, கத்தோலிக்கத் திருச்சபை, பெந்தெகொஸ்தே சபைகள் ஆகியவற்றைச் சேர்ந்தவர்களோடு சைவ சமயத்தவர் சிலரும் ஒழுங்காக வந்தார்கள். இப்படிப்பட்ட வகுப்புகளைப் பற்றி நம்மவர்கள் வாய்வழியாகப் பேசிக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த தொடரில் சேர எண்ணுவோருக்கு உதவும் என்பதால், தொடர் முழுவதையும் கேட்டவன் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

போதகரின் முதல் தெரிவே இந்த வகுப்பின் தரத்தைக் காட்டியது. இரட்சிப்பு என்றவுடன் நம் ஊர்ப் பிரசங்கங்கள் பெரும்பாலும் பவுலின் நிருபங்களுக்குத் தாவி, அங்கிருந்து மரணத்துக்குப் பின்னான வாழ்வைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகின்றன. இவரோ முதல் இரண்டு வாரங்களையும் யாத்திராகமத்துக்கு ஒதுக்கினார். செங்கடலின் கரையில், பின்னால் எகிப்தின் அரசனான பார்வோனின் இரதங்களும் முன்னால் தண்ணீருமாக இஸ்ரவேல் மக்கள் அகப்பட்டு நிற்கும் வேளையில், "பயப்படாதிருங்கள், நீங்கள் நின்றுகொண்டு இன்றைக்குக் கர்த்தர் உங்களுக்குச் செய்யும் இரட்சிப்பைப் பாருங்கள்" என்று மோசே சொல்கிறார் (யாத்திராகமம் 14:13). அங்கே இரட்சிப்பு என்பது ஓர் இராணுவத்தின் கையிலிருந்து ஒரு மக்கள் கூட்டம் உயிரோடு தப்புவதாகும். ஆண்கள், பெண்கள், குழந்தைகள், கால்நடைகள் எல்லாம் அதில் அடங்கும். தேவன் அவர்களுடைய உபத்திரவத்தைக் கண்டு, அவர்களுடைய கூக்குரலைக் கேட்டு, அவர்களை விடுவிக்க இறங்கினார் என்று அதே நூலின் 3ஆம் அதிகாரம் முன்னரே சொல்லியிருக்கிறது.

இந்த இடத்தில் போதகர் சுட்டிக்காட்டிய ஒழுங்கு முறையைத் தொடர் முழுவதிலும் மிகச் சிறந்த பகுதியாகக் கருதுகிறேன். பத்துக் கட்டளைகள் 20ஆம் அதிகாரத்தில் வருகின்றன. கடலைக் கடந்தது 14ஆம் அதிகாரத்தில். கட்டளைகளைக் கைக்கொண்டதால் அந்த மக்கள் விடுவிக்கப்பட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாதபடி நூலே அமைந்திருக்கிறது. முதற் கட்டளைக்கு முன்பாகவே, அடிமைத்தன வீடாகிய எகிப்திலிருந்து உன்னைப் புறப்படப்பண்ணின தேவன் நானே என்ற வசனம் நிற்கிறது. விடுதலை முதலில், அந்த விடுதலைக்கு ஏற்ற வாழ்க்கை அதன் பின்னர். பவுல் எபேசியருக்கு எழுதும்போது, "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்று சொல்லிவிட்டு, இரண்டு வசனங்கள் கழித்து நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்று முடிக்கிறார் (எபேசியர் 2:8-10). அந்தக் கட்டளைகள் கொடுக்கப்பட்ட சீனாய் மலையின் அடியில் நின்று இதை வாசிப்பவருக்குப் பவுல் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பது விளங்கும். பழைய ஏற்பாடு சட்டத்தின் நூல், புதிய ஏற்பாடு கிருபையின் நூல் என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த பலர் அந்த மாலையில் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாம் வாரம் ஏசாயாவின் 40ஆம் அதிகாரத்துக்குப் பின்வரும் பகுதி. கி.மு. 587 அளவில் எருசலேம் வீழ்ந்து, மக்கள் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டதையும், கி.மு. 539இல் பாரசீக அரசன் கோரேசு பாபிலோனைக் கைப்பற்றியதையும் வரைபடத்தோடு விளக்கிய பின்னரே போதகர் வசனங்களுக்குள் நுழைந்தார். தேவனை அறியாத அந்நிய அரசன் ஒருவனை ஏசாயா 45:1 அபிஷேகம் பெற்றவன் என்று அழைப்பதையும், அதே அதிகாரத்தின் 22ஆம் வசனம் பூமியின் எல்லையெங்குமுள்ளவர்களை இரட்சிப்புக்கு அழைப்பதையும் அவர் அருகருகே வைத்துக் காட்டினார். எகிப்தில் ஒரு மக்களுக்கு நடந்தது இங்கே எல்லாருக்குமாக விரிகிறது. ஊர் திரும்புதல் என்பது இரட்சிப்பின் ஒரு பகுதியாக இருந்ததை இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களுக்கு விரிவாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

நற்செய்தி நூல்களுக்கு இரண்டு வாரங்கள் கிடைத்தன. பன்னிரண்டு வருடம் பெரும்பாடு என்னும் இரத்தப்போக்கு இருந்த பெண்ணிடமும் (மாற்கு 5:34), பரிசேயனாகிய சீமோனின் வீட்டில் அழுதுகொண்டு நின்ற பாவியாகிய பெண்ணிடமும் (லூக்கா 7:50) இயேசு ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்: உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது. ஒருத்திக்கு உடல் சுகமானது. மற்றவளுக்குப் பாவம் மன்னிக்கப்பட்டது. இருவருக்கும் அதோடு சேர்ந்து இன்னொன்றும் கிடைத்தது: சமூகம் தள்ளிவைத்த இருவரும் சமாதானத்தோடே போகும்படி எல்லாருக்கும் முன்பாக அனுப்பப்பட்டார்கள். ஆத்துமாவின் இரட்சிப்பு, உடலின் சுகம், மனிதர் நடுவில் மதிப்பு என்று நாம் பிரித்து வைத்திருக்கும் மூன்றையும் இயேசு பிரிக்கவில்லை என்பதை இந்த இரு பகுதிகளும் தெளிவாக்கின.

சகேயுவைப் பற்றிய மாலை நான் கேட்ட வேத விளக்கங்களுள் என்றும் நினைவில் நிற்கும். எரிகோவின் ஆயக்காரருக்குத் தலைவன் அவன்; வரி வசூலித்துச் செல்வந்தனானவன். இயேசு அவனுடைய வீட்டில் தங்குவதாகச் சொன்னது அவன் எந்த வாக்குறுதியும் கொடுப்பதற்கு முன்னர். அதன் பின்னரே அவன் எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுப்பதாகவும் சொல்கிறான். திருடிய ஓர் ஆட்டுக்கு நான்கு ஆடுகள் கொடுக்க வேண்டும் என்பது யாத்திராகமம் 22:1இன் சட்டம். அந்தச் சட்டத்தைத் தன்மேல் தானே விதித்துக்கொள்கிறான். "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்ற பதில் அப்போதுதான் வருகிறது. இன்றைக்கு என்ற சொல்லையும் இந்த வீட்டுக்கு என்ற சொல்லையும் சேர்த்து வாசிக்கும்படி போதகர் சொன்னார். காணி எல்லையை நகர்த்தி வேலி கட்டியவர்களும், வெளிநாட்டிலிருப்பவரின் வீட்டை வைத்திருந்து திருப்பிக் கொடுக்க மறுப்பவர்களும் ஞாயிறு ஆராதனையில் முன் வரிசையில் இருக்கும் ஊரில், சகேயுவின் கணக்குத் தீர்ப்பை இவ்வளவு நேரடியாகப் பேசுவதற்குத் துணிவு வேண்டும். அதை அவர் யாரையும் நோகடிக்காமல் செய்தார்.

சிலுவையைப் பற்றிய ஆறாம் வாரத்தில் அவர் எடுத்த முறையும் நன்று. நீதிமன்றத்தில் குற்றவாளி நீதிமானாக்கப்படுதல், அடிமைச் சந்தையில் மீட்கும்பொருள் செலுத்தப்படுதல், ஆலயத்தில் இரத்தத்தினால் பாவநிவிர்த்தி, பகைவர் ஒப்புரவாக்கப்படுதல், துரைத்தனங்கள் எனப்படும் தீய அதிகாரங்கள்மேல் வெற்றி கொள்ளுதல் என்று புதிய ஏற்பாடு பல துறைகளிலிருந்து படங்களை எடுத்து ஒரே நிகழ்வை விளக்குகிறது. ஒரு சபை ஒரு படத்தை மாத்திரம் பிடித்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடும்போது இரட்சிப்பு ஒடுங்கிவிடுகிறது என்றார். நீதிமன்றப் படத்தைத் தனியே எடுத்தால் தேவன் கோபக்கார நீதிபதியாக மாத்திரம் தோன்றுவார். ஆனால் தேவன் உலகத்தை இவ்வளவாய் அன்புகூர்ந்தார் என்று தொடங்கும் யோவான் 3:16, அனுப்பியவரின் அன்பையே காரணமாகக் காட்டுகிறது.

அதற்கு அடுத்த வாரம் யாழ்ப்பாணத்துக்கு மிகவும் தேவையானது. "நீர் இரட்சிக்கப்பட்டீரா?" என்ற கேள்வி இங்கே ஒரு நாளையும் நேரத்தையும் எதிர்பார்த்துக் கேட்கப்படுவதுண்டு. 1816இல் இங்கு பணியைத் தொடங்கி, 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவிய அமெரிக்க மிஷன், தனிமனித மனந்திரும்புதலை வலியுறுத்திய எழுப்புதல் மரபிலிருந்து வந்தது. அந்த மரபு தந்த நன்மைகளை மறுக்க முடியாது. ஆனால் வேதாகமம் இரட்சிப்பை மூன்று காலத்திலும் பேசுகிறது. எபேசியர் 2:8 அது நடந்து முடிந்ததாகச் சொல்கிறது. 1 கொரிந்தியர் 1:18 அது நடந்துகொண்டிருக்கும் ஒன்றாகக் காட்டுகிறது. ரோமர் 5:9 இனி நடக்கப்போவதாகவும், ரோமர் 13:11 நாம் விசுவாசிகளானபோது இருந்ததைவிட இப்போது நமக்கு அருகில் வந்திருப்பதாகவும் சொல்கின்றன. ஒரு நாளைக் குறிப்பிட முடியாத விசுவாசியின் சங்கடத்தையும், ஒரு நாளைக் குறிப்பிட்டு அதோடு நின்றுவிட்டவரின் ஆபத்தையும் இந்த மூன்று காலங்களும் ஒன்றாகவே தீர்க்கின்றன.

விசுவாசம் போதுமா, கிரியையும் வேண்டுமா என்பதில் பவுலும் யாக்கோபும் முரண்படுகிறார்களா என்ற பழைய வழக்கும் அன்றே எடுக்கப்பட்டது. இருவரும் ஆபிரகாமையே சாட்சியாக அழைக்கிறார்கள். பவுல் ஆதியாகமம் 15:6ஐ எடுத்து, விருத்தசேதனத்துக்கு முன்னரே ஆபிரகாம் நீதிமானாக எண்ணப்பட்டான் என்கிறார் (ரோமர் 4). யாக்கோபு அதே ஆதியாகமத்தின் 22ஆம் அதிகாரத்துக்குச் சென்று, ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்தபோது அந்த விசுவாசம் நிறைவடைந்தது என்கிறார். ஒருவர் வேரைப் பார்க்கிறார். மற்றவர் கனியைத் தேடுகிறார். இந்தக் கேள்வியே பதினாறாம் நூற்றாண்டில் மேற்குத் திருச்சபையைப் பிளந்தது. 1999 அக்டோபர் 31ஆம் திகதி ஜேர்மனியின் ஓக்ஸ்பேர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டுப் பிரகடனத்தில் கைச்சாத்திட்டன. 2006இல் உலக மெதடிஸ்த பேரவையும் அதில் இணைந்துகொண்டது. யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் ஒரே வீதியில் வாழ்ந்தும் இந்தப் பிரகடனத்தைப் பற்றி அறிந்தவர்கள் குறைவு என்பது வகுப்பில் எழுந்த வியப்பிலிருந்தே தெரிந்தது. இதற்கு இன்னும் அரை மணி நேரமாவது கொடுத்திருக்கலாம்.

சைவ சமயத்தைச் சேர்ந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுப்பிய கேள்வியையும் இங்கே பதிய வேண்டும். பாசம் என்னும் கட்டிலிருந்து நீங்கிய உயிர் இறைவனின் திருவடியை அடைவதே முத்தி என்று தாம் கற்றதாகவும், அதுவும் திருவருளாலேயே கூடும் என்றும், அப்படியானால் வேறுபாடு எங்கே என்றும் அவர் கேட்டார். போதகர் வாதிட முனையவில்லை. அருள் முந்துகிறது என்பதில் இரு மரபினரும் நெடுந்தூரம் சேர்ந்து நடக்க முடியும் என்று ஒப்புக்கொண்டு, பின்னர் இரண்டு இடங்களைக் காட்டினார். உரோம ஆளுநனான பொந்தியு பிலாத்துவின் காலத்தில், குறிப்பிட்ட ஒரு நகரில் நடந்த இயேசுவின் மரணத்தோடும் உயிர்த்தெழுதலோடும் வேதாகமம் இரட்சிப்பைப் பிணைத்துவிடுகிறது என்பது ஒன்று. உடலும் படைப்பும் களையப்படுவதாக அல்லாமல் புதுப்பிக்கப்படுவதாகவே அது நம்புகிறது என்பது மற்றது: 1 கொரிந்தியர் 15 உடலின் உயிர்த்தெழுதலைப் பேசுகிறது, ரோமர் 8 பிரசவ வேதனைப்படும் சிருஷ்டியைப் பேசுகிறது, வெளிப்படுத்தல் 21இல் பரிசுத்த நகரம் வானத்திலிருந்து கீழே இறங்கி வருகிறது. ஆசிரியர் அந்தப் பதிலை ஏற்றாரோ இல்லையோ, தமது கேள்வி மதிக்கப்பட்டதில் நிறைவோடு அமர்ந்தார்.

இனி என் மனக்குறை. இத்தொடர் இரட்சிப்பை உடலோடும் வீட்டோடும் ஊரோடும் சேர்த்துக் கற்பித்தது. அப்படிக் கற்பித்த பின்னர் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது: தப்புவிக்கப்படாதவர்களுக்கு என்ன நடந்தது? 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி தேவாலயத்தில் தஞ்சம் அடைந்திருந்த மக்கள்மீது குண்டுகள் விழுந்து நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அவர்களும் அதே தேவனை நோக்கியே கூப்பிட்டார்கள். அதே ஆண்டின் ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனபோது அவர்களுக்கு முன்னால் கடல் பிளக்கவில்லை. இந்த மண்ணில் யாத்திராகமம் 14ஐ வாசிப்பவர் இதைக் கேட்டே தீருவார். எட்டாம் வாரத்தில், நம்பிக்கை என்ற தலைப்பின் கீழ், வகுப்பில் இருந்த ஒரு தாய் இதைக் கேட்கவும் செய்தார். நேரம் முடிந்துவிட்டது என்ற காரணத்தால் பரலோகத்தைப் பற்றிய சில வாக்கியங்களோடு பதில் முடிக்கப்பட்டது. எட்டு வாரமாகக் கட்டியெழுப்பிய விளக்கம் அந்த இடத்தில் பழைய சுருக்கத்துக்குத் திரும்பியது எனக்கு உண்மையாகவே வேதனை அளித்தது.

வேதாகமம் அந்தத் தாயின் கேள்வியைத் தவிர்க்கவில்லை என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தில் செபதேயுவின் மகன் யாக்கோபு ஏரோதின் பட்டயத்தால் கொல்லப்படுகிறார். சில வசனங்களுக்குள் பேதுரு தேவதூதனால் சிறையிலிருந்து விடுவிக்கப்படுகிறார். ஏன் ஒருவர், ஏன் மற்றவர் இல்லை என்பதற்கு லூக்கா விளக்கம் எழுதவில்லை. எபிரெயர் 11ஆம் அதிகாரம் விசுவாசத்தினாலே பட்டயக்கருக்குக்குத் தப்பினவர்களைப் பேசிய மூச்சிலேயே, பட்டயத்தினால் வெட்டப்பட்டு மரித்தவர்களையும் பேசி, இரு சாராரையும் ஒரே விசுவாசத்தின் சாட்சிகளாக நிறுத்துகிறது. அக்கினிச் சூளையின் முன் நின்ற மூன்று வாலிபரும் தங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்று சொன்னதோடு, விடுவிக்காமற்போனாலும் பொற்சிலையைப் பணியமாட்டோம் என்றும் சொன்னார்கள் (தானியேல் 3:17-18). 88ஆம் சங்கீதம் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று அழைத்துத் தொடங்கி, ஆறுதல் வசனம் ஒன்றுமின்றி இருளிலேயே முடிகிறது. அந்த முடிவைத் திருத்தாமல் இஸ்ரவேலர் அதை ஆராதனைப் பாடலாக வைத்துக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சிலுவையின் அடியில் நின்றவர்கள் "மற்றவர்களை இரட்சித்தான், தன்னைத்தான் இரட்சித்துக்கொள்ளத் திராணியில்லை" என்று பரிகசித்தார்கள் (மாற்கு 15:31). இரட்சகர் அந்த வெள்ளிக்கிழமையில் தப்புவிக்கப்படாதவர்களின் வரிசையில் நின்றார். நவாலியில் இறந்தவர்களை இரட்சிப்பின் கதைக்கு வெளியே வைத்துப் பேச எந்தக் கிறிஸ்தவப் போதகருக்கும் இயலாமற் செய்வது அந்த ஒரு வசனம். ஆறாம் வாரத்தில் சிலுவையைப் பற்றி அவ்வளவு பேசியும் அந்த வசனம் வாசிக்கப்படவில்லை.

மற்றைய குறைகள் சிறியவை. கையேடு 400 ரூபா. வகுப்புக்கு வேறு கட்டணம் இல்லை. பழைய திருப்புதல் எனப்படும் மொழிபெயர்ப்பின் வசனங்கள் ஒரு பக்கத்திலும் 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தின் வசனங்கள் எதிர்ப்பக்கத்திலும் அச்சிடப்பட்டிருந்தது கத்தோலிக்கருக்கும் மற்றவர்களுக்கும் பெரும் உதவி. ஆனால் சில அதிகார எண்கள் பிழையாக அச்சாகியிருந்தன. வாசிப்பில் பழகாதவர்கள் பக்கங்களைப் புரட்டித் தடுமாறினார்கள். ஒலிவாங்கி பின்வரிசைக்குச் சரியாக எட்டவில்லை. வாசலில் கைப்பிடி இல்லாத படிகள் இருப்பதால் முதியவர்கள் யாரையாவது துணைக்கு அழைத்துச் செல்வது நல்லது. கேள்விகளுக்குக் கடைசிப் பத்து நிமிடங்களே ஒதுக்கப்பட்டன. வடமராட்சிக்கும் தீவகத்துக்கும் போகிறவர்கள் பஸ்ஸைப் பிடிக்க அந்த நேரத்திலேயே எழுந்து போக வேண்டியிருந்தது. வகுப்பை அரை மணி நேரம் முன்கூட்டித் தொடங்கினாலே இது தீரும். இளைஞர்கள் மிகக் குறைவாக வந்ததற்கும் டியூசன் நேரத்தோடு மோதும் இந்த நேர ஒழுங்கே காரணம் என்று எண்ணுகிறேன்.

இக்குறைகளோடும் இந்த வகுப்பை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். யாத்திராகமத்திலிருந்து தொடங்கி இவ்வளவு பொறுமையாக இப்பொருளைக் கற்பிக்கும் இன்னொரு வகுப்பை யாழ்ப்பாணத்தில் நான் கேட்டதில்லை. அடுத்த தொடர் உயிர்த்த ஞாயிறுக்குப் பின்னர் மீண்டும் இதே பொருளில் நடக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். ஏற்பாட்டாளர்களிடம் நான் எழுத்தில் கொடுத்த வேண்டுகோள் ஒன்றே: ஒன்பதாவது மாலை ஒன்றைச் சேர்த்து, 88ஆம் சங்கீதத்தையும் அப்போஸ்தலர் 12ஐயும் எபிரெயர் 11ஐயும் மாற்கு 15ஐயும் மாத்திரம் வாசித்து, அந்த மாலையின் நேரம் முழுவதையும் கேள்விகளுக்கு விட வேண்டும். சேர எண்ணுவோர் யாத்திராகமத்தின் முதல் 20 அதிகாரங்களையும் லூக்கா 19ஐயும் முன்கூட்டியே வாசித்துவிட்டுப் போனால் முதல் நாளிலிருந்தே வகுப்போடு சேர்ந்து நடக்க முடியும்.